முதுகைக் காட்டி வாசித்தவள்

மாடியக்கா முதன்முதலில் அந்த பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனது பாட்டுக் கேட்க அல்ல, சண்டை போட.

அவளுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். சலவை நிலையத்தில் இஸ்திரி மேசையில் நிற்கிறவளுக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்? ஆஸ்பத்திரி விரிப்புகள், ஹோட்டல் விரிப்புகள், தலையணை உறைகள் என்று மலை மலையாக வரும். ஒரு பக்கம் டிரம்கள் சுழலும், இன்னொரு பக்கம் நீராவி சீறும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கொஞ்சம் ஓய்வு. பாதி மெஷின்கள் நின்றிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கீழே இருந்து சத்தம் வந்தது. முதலில் கம்பியில் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அப்புறம் மேசை மேல் இருந்த கஞ்சிப் பாத்திரம் யாரும் தொடாமலே நடக்க ஆரம்பித்தது. அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்புவரை போய், மடித்து வைத்த விரிப்புகள் மேல் கவிழ்ந்தது.

"எவன்டா அது?" என்று கத்திக்கொண்டே படி இறங்கினாள்.

கீழே இருபது இருபத்தைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆடவில்லை, பேசவில்லை, கை தட்டவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதில் பெரிய ஹெட்போன் மாட்டி, பட்டன் நிறைந்த ஒரு பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார். அவளும் கத்திப் பார்த்தாள். அவள் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. சரி, முடியட்டும், முடிந்ததும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். அது முடிகிற வழியாகவே இல்லை. ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே அடி இல்லை, எப்போது மாறியது என்றும் தெரியவில்லை. அடுத்த தடவை மாறும்போது பிடித்துவிடுகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிடிக்க முடியவில்லை. கடைசியில் சத்தம் அடங்கியபோது எதற்கு வந்தோம் என்பதே மறந்து போயிருந்தது.

அதற்காகத் திட்டாமல் திரும்பினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாபகம் வந்ததும் நன்றாகவே திட்டினாள். அடுத்த ஞாயிறு கஞ்சிப் பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு தானாகவே கீழே போனாள். மாடியிலிருந்து வருகிறவள் என்பதால் அவளுக்கு மாடியக்கா என்று பெயர் விழுந்தது.

அங்கே இரண்டு பழக்கங்கள். வாசிக்கிறவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், முகத்தைப் பார்த்து யாரும் மயங்கக் கூடாது. கேட்கிறவர்கள் கை தட்டக் கூடாது, பிடித்திருந்தால் அசையாமல் நின்றால் போதும். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. போகப்போக அந்த ஒழுங்கு பிடித்துவிட்டது. வீட்டிலும் வேலையிலும் ஆளாளுக்குத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு திரிகிறபோது, ஓர் இடத்திலாவது முகம் வேண்டாம் என்கிறார்களே.

இதற்குப் பெரிய பெயர் இருந்தது. அண்டர்கிரவுண்ட் எலக்ட்ரானிக் மியூசிக் என்று அந்தக் கூட்டத்தார் வாய் நிறையச் சொல்வார்கள். சலவை நிலையத்தில் எல்லாரும் கீழ்ச்சத்தம் என்றார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

"பாட்டும் இல்ல, வரியும் இல்ல. அதுல என்னத்தைக் கேக்கற?" என்றான் அவள் கணவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"வேன் ஓட்டும்போது இன்ஜினைக் கேப்பியே, அதுல வரி இருக்கா?"

"அது எங்க கோளாறுன்னு தெரிஞ்சுக்கக் கேக்கறது."

"இதுவும் அப்படித்தான்னு வெச்சுக்கோ" என்று முடித்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஊரை விட்டுப் போன ஒருவர் தன் பழைய பட்டன் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி தன் மைக்செட் கடையிலிருந்து ஒரு ஹெட்போனும் வயர்களும் கொடுத்தான். அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா என்றால் அவனுக்கு உயிர். கல்யாணம், கூட்டம், பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது அவன்தான். அவனிடம் ஒரு வித்தை உண்டு, கூட்டத்தைப் பார்த்தே அதன் மனசைச் சொல்லிவிடுவான். முன் வரிசை அசந்தால் சத்தத்தைக் கூட்டுவான், பின் வரிசை கலைந்தால் வேகமான பாட்டுக்குத் தாவுவான். இத்தனை திறமை இருந்தும் பேஸ்மென்டுக்கு மட்டும் ஒருநாள்கூட வந்ததில்லை. கூப்பிட்டால், "அதெல்லாம் எனக்குப் புரியாதுக்கா" என்பான். அந்த வார்த்தை அவளுக்கு முள்ளாகக் குத்தும்.

வீட்டில் எல்லாரும் டிவி பார்க்கும் நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் ஒன்றை உருவாக்கினாள். சலவைக்காரர்களுக்கு அறவே பிடிக்காத ஒரு சத்தம் உண்டு. நனைந்த விரிப்புகள் டிரம்முக்குள் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டால், சுழலும்போது மெஷின் நொண்டும். தடக், தடதடக், தடக். எல்லாரும் பதறி நிறுத்துவார்கள். அவளுக்கு மட்டும் அந்த நொண்டலில் ஏதோ இருந்தது. அதைப் பெட்டியில் கொண்டுவந்து, மெதுவாக, மிக மெதுவாக இழைத்தாள். முதலில் நொண்டலாகவே கேட்கும். கேட்கக் கேட்க அதுதான் சரியான நடை, நாம்தான் இத்தனை நாள் தப்பாக நடந்திருக்கிறோம் என்று தோன்றும். நடுவில் ஓர் இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம்தான் நொண்டல் திரும்பி வரும். முதல் தடவை கீழே வாசித்தபோது ஒருவர்கூட அசையவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கால் தரையில் பாவவில்லை.

இப்படி இருந்தபோதுதான் அட்டைக்காரன் வந்தான். கழுத்தில் எப்போதும் கம்பெனி அடையாள அட்டை தொங்கும், அதனால் அந்தப் பெயர். செல்போன் கம்பெனி ஒன்று மைதானத்தில் பெரிய இசை நிகழ்ச்சி நடத்துகிறதாம், அதில் புதுமையாக இவர்களையும் மேடையேற்ற வேண்டுமாம். பேஸ்மென்டில் கலவரமே வெடித்தது. கூட்டத்துக்குப் பெரியவர் மாதிரி இருந்தவர் தாடி. காலேஜில் பாடம் எடுக்கிறவர், இந்த இடத்தை ஆரம்பித்தவர்.

"வெளியே போனா இது செத்துரும்" என்றார் தாடி. "மக்களுக்கு இது புரியாது. ஆடறதுக்கும் கத்தறதுக்கும்தான் அவங்களுக்குப் பாட்டு வேணும். இங்க இருபது பேர் இருக்கோம், இது போதும்."

அவ்வளவுதான், மாடியக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"மக்கள் மக்கள்ங்கறீங்களே, நான் யாரு? என்னை நீங்க பத்திரிகை வெச்சா கூப்பிட்டீங்க? தரை வழியா வந்துச்சு, கேட்டேன். இஸ்திரி போடறவளுக்குப் புரிஞ்சது ஊருக்குப் புரியாதா?"

"நீங்க வேற அக்கா. நீங்க ஸ்பெஷல்."

"ஸ்பெஷலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கஞ்சி கொட்டுச்சு, வந்தேன். அவ்ளோதான்."

வாதம் வளர்ந்தது. கடைசியில் தாடியே ஒரு முடிவு சொன்னார். ஆசைப்படுகிற மாடியக்காவே போகட்டும். அங்கே ஜனங்கள் இதை இதுவாகவே கேட்டார்கள் என்றால், இனி ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வாசலில் பலகை வைத்துவிடலாம், யார் வேண்டுமானாலும் இறங்கி வரட்டும். கேட்கவில்லை என்றால் கதவு சாத்தியே இருக்கும், அதைப் பற்றி அவள் மறுபடி வாயே திறக்கக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும் சரி என்றாள். மாடியில் அவளோடு நின்று துணி மடிக்கிறவர்கள், வேன் ஓட்டும் கணவன், எனக்குப் புரியாது என்று ஒதுங்கும் தம்பி எல்லாரும் வந்து அந்தப் படியில் இறங்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அட்டைக்காரன் முன்கூட்டியே அவள் வாசிப்பதில் கொஞ்சத்தைப் பதிவு செய்து வாங்கிக்கொண்டான், விளம்பரத்துக்காம். இரண்டு நாள் கழித்து வந்து பல்லை இளித்தான்.

"பிரமாதம் மேடம். ஆனா கொஞ்சம் வேகம் கூட்டிக்கலாம். கீழ ஒரு அடி போட்டு, மேல ஒரு பொண்ணு குரல் சேத்தா தூக்கிடும். இப்படியே போனா மக்களுக்குப் புரியாது."

மறுபடியும் அதே வார்த்தை. ஒருத்தன் கதவைச் சாத்துவதற்குச் சொல்கிறான், இன்னொருத்தன் கலப்படம் பண்ணுவதற்குச் சொல்கிறான்.

"ஒரு அடியும் சேக்கக் கூடாது. இது இப்படித்தான். பிடிச்சா கூப்பிடு, இல்லேன்னா விடு."

"உங்க இஷ்டம் மேடம்" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். ஆகத்தான் செய்தாள். அதனால்தான் ஒரு நிபந்தனை போட்டாள்: "என் சத்தம் என் தம்பி கையிலதான் இருக்கணும். மிக்ஸர்ல வேற எவனும் உக்காரக் கூடாது." அட்டைக்காரன் அதற்கும் சரி என்றான். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

நிகழ்ச்சி சாயங்கால வெயிலில் தொடங்கியது. மைதானம் நிறையக் கூட்டம். சலவை நிலையத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், கணவன்தான் ஓட்டிவந்தான். மகள் தோழிகளோடு வந்திருந்தாள். பேஸ்மென்டிலிருந்து மட்டும் ஒரு ஈ காக்கை வரவில்லை. கம்பெனி பேனர் தொங்கும் இடத்தில் கால் வைக்க மாட்டார்களாம், கொள்கையாம். இத்தனை வருஷம் கூடவே நின்று கேட்டவர்கள், ஒருத்தி தனியாக மேடையேறுகிற நாளில் துணைக்கு வந்து நிற்கக் கூடாதா? அந்த எரிச்சலோடுதான் அவள் ஏறினாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மேடை ஆட்கள் பதறினார்கள். "எங்க பழக்கம் இது" என்றாள். அவளுக்கென்று பக்கத்தில் ஸ்பீக்கர் வைக்கிறோம் என்றார்கள், அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். ஹெட்போன் இருக்கிறதே. மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். நொண்டல் வந்தது. மெதுவாக நடையாக மாறியது. ஒரு கட்டத்தில் காலுக்கடியில் பலகை வேறு மாதிரி அதிர்ந்தது. திறந்த மைதானத்தில், இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், அதிர்வு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உயிரான இடம் வந்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்தாள். ரீங்காரம் காதுக்குள் தொங்கியது. வெளியே இத்தனை ஆயிரம் பேரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

முடித்து, ஹெட்போனைக் கழற்றி, திரும்பினாள். மைதானமே குதித்துக்கொண்டிருந்தது. கத்தல், விசில், கைதட்டல். கை தட்டக் கூடாது என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். கணவன் கூட்டத்துக்குள் நின்று கர்ச்சீப்பைச் சுழற்றினான். கீழே மிக்ஸர் மேசையில் தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் அழுதுவிட்டாள். வாழ்க்கையில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் எப்போது கிடைத்தது?

அந்தச் சந்தோஷம் இரண்டு மூன்று நாள் நீடித்தது. வேலையில் எல்லாரும் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். புதன்கிழமை டீ வேளையில், கூட வேலை பார்க்கும் மடிப்புக்காரி செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கம்பெனிக்காரங்க வீடியோ போட்டிருக்காங்கக்கா. பாருங்க, உங்களைத்தான்."

பார்த்தாள். அவள் முதுகு தெரிந்தது. பாட்டு அவளுடையது இல்லை. டம் டம் என்று ஒரே சீராக அடித்தது, மேலே ஒரு பெண் 'ஓ ஓ' என்று இழுத்தாள்.

"படத்தை எடுத்துட்டு வேற பாட்டைப் போட்டிருக்கானுங்க பாரு, திருட்டுப் பசங்க" என்றாள்.

மடிப்புக்காரி விழித்தாள். "இல்லக்கா, அன்னிக்கு நீங்க வாசிச்சது இதுதானே? இதுக்குத்தானே நாங்கல்லாம் ஆடினோம்? மொதல்ல கொஞ்ச நேரம் வேற மாதிரி இருந்துச்சு, அப்புறம் இதுதான்."

மாடியக்கா செல்போனை வாங்கி மறுபடி ஓட்டினாள். பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு துண்டு வந்தது. அதில் அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் டம் டம் என்று அடி விழுந்துகொண்டே இருந்தது. அந்த அடிக்கு மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் குதித்தது. வாசிக்கிறவளின் கை மடியில் கிடக்கிறது, பாட்டு மட்டும் ஓடுகிறது. இது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருமே கேட்காத ஒன்றைத் தனக்குத் தானே வாசித்துக்கொண்டு, அதற்கு அழ வேறு செய்திருக்கிறாள். ஊர் முன்னால் பொம்மையாக உட்கார வைத்துவிட்டார்கள். அட்டைக்காரனுக்குப் போன் போட்டாள்.

"மேடம்! வீடியோ பாத்தீங்களா? பிச்சுக்கிட்டுப் போகுது. அடுத்த மாசம் வேற ஊர்ல வெச்சிருக்கோம், இதே ஐட்டம் பண்ணணும்."

"எந்த ஐட்டம்டா? நான் வாசிக்காத ஐட்டமா?"

"கோபப்படாதீங்க மேடம். அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஒண்ணு ரெடி பண்ணி லேப்டாப்ல வெச்சிருந்தோம். மாத்துன்னு நான் சொன்னேன், வாஸ்தவம்தான். ஆனா மாத்தினது உங்க தம்பிதானே? மிக்ஸர்ல வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே?"

அவள் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவன் போனை வைத்தான். தம்பிக்குப் போட்டாள், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டபோது அவன் மனைவி எடுத்து, வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் அண்ணி, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்றாள். வீட்டில் கணவனிடம் சொன்னால், "எல்லாரும் சந்தோஷமாத்தானே இருந்தாங்க, விடேன்" என்றான். விடேன் என்றால் எதை விடுவது? அவன் வேனை வேறொருத்தன் ஓட்டிப் போய், பிள்ளைகளை வேறு பள்ளியில் இறக்கிவிட்டு வந்தால், பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதானே இறங்கினார்கள் என்று இவன் விடுவானா? கேட்டாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்டில் எல்லாரும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் காத்திருந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். தாடி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, வருத்தத்துக்கு அடியில் ஒரு திருப்தியும் இருந்தது.

"நான் சொன்னேனா இல்லையா? உங்களுதை வாசிச்சப்போ கேக்கல. டம் டம்னு போட்டதும் குதிச்சாங்க. மக்கள் இவ்ளோதான் அக்கா. கதவு இப்படியே இருக்கட்டும்."

அவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். அந்தச் சந்தேகம்தான் நாலு நாளாக அவளை அரித்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டு போகிற பிறவி இல்லை அவள்.

"அந்த அட்டைக்காரனும் மக்களுக்குப் புரியாதுங்கறான், நீங்களும் அதையேதான் சொல்றீங்க. என்ன வித்தியாசம் தெரியுமா? அவன் அவங்க முன்னாடி போய் நின்னு ஏமாத்தறான். நீங்க கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்து ஏளனம் பண்றீங்க. ஒருத்தராவது வந்திருந்தா அன்னிக்கே எனக்கு வந்து சொல்லியிருப்பீங்கள்ல? பாட்டு மாறினதைக் கண்டுபிடிக்க அந்த மைதானத்துல ஒரு ஆளு இல்லாமப் போச்சே!"

பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேரே மைக்செட் கடைக்கு நடந்தாள்.

தம்பி அப்போதுதான் வந்திறங்கியிருந்தான். வாசலில் நின்ற வண்டியிலிருந்து ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"போனை எடுக்க மாட்ட, இல்ல?"

"அக்கா, உக்காரு. தண்ணி குடி."

"தண்ணியெல்லாம் அப்புறம். எதுக்குடா மாத்தின?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ அவமானப்படக் கூடாதுன்னுதான்க்கா. சத்தியமா. அந்த ஆளு வந்து, கூட்டம் கைவிட்டுப் போகுது, மாத்துன்னான். நானும் பாத்தேன். பயந்துட்டேன். உன் பட்டனைக் கீழ இழுத்துட்டு லேப்டாப்பை மேல தள்ளிட்டேன். ஜனங்க கலைஞ்சு போய், யாராவது கூச்சல் போட்டு, நீ திரும்பிப் பாத்தா தாங்குவியா?"

"கலைஞ்சு போனாங்களா?"

"ஆரம்பத்துல முன்னாடி கொஞ்சம் பேர் போனாங்க."

"கொஞ்சம் பேர். மத்தவங்க?"

"இருந்தாங்க."

"கூச்சல் போட்டாங்களா?"

"இல்ல. அதான்க்கா பயமே. கூச்சல் போட்டாக்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஒருத்தரும் எதுவுமே பண்ணல. கத்தல, தட்டல, ஆடல. பேசிக்கிட்டிருந்தவங்ககூடப் பேச்சை நிறுத்திட்டாங்க. செல்போனைக் கீழ இறக்கிட்டாங்க. மைதானம் மொத்தமும் அசையாம நின்னுச்சு. என் அனுபவத்துல அப்படி ஒரு கூட்டத்தை நான் பாத்ததே இல்ல. செத்த கூட்டம்னு நெனச்சுட்டேன்."

மாடியக்கா அங்கேயே, கடை வாசலில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கேட்டிருக்கிறார்கள். மைதானம் மொத்தமும் கேட்டிருக்கிறது. பேஸ்மென்டில் இருபது பேர் நிற்பதுபோலவே அத்தனை ஆயிரம் பேரும், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், தாங்களாகவே நின்றிருக்கிறார்கள். அவளோ முதுகைக் காட்டிக்கொண்டு காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் பிடிக்காமல் ஓடியிருந்தால்கூட இந்த நாலு நாள் பட்டதோடு போயிருக்கும். ஓடவில்லையே. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் காதிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டானே பாவி. அதுவும் அக்கா மேல் இருந்த பாசத்தால்.

"என்னக்கா? ஏன் இப்படிப் பாக்கற?"

"அவங்க கேட்டுக்கிட்டிருந்தாங்கடா, முட்டாள். பிடிச்சா அப்படித்தான் நிப்பாங்க. கீழ ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வந்திருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. அவளே மறுபடி கேட்டாள்.

"உனக்கு எப்படி இருந்துச்சு? நீயும்தானே அங்க நின்னுக்கிட்டிருந்த."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"எனக்கு..." அவன் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்குப் பிடிச்சுதுக்கா. அந்த அட்டைக்காரன் வந்து தோளைத் தொட்டப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு, அவ்ளோ மெய்மறந்து நின்னேன். ஆனா நீ என் அக்கா, அதனால எனக்குப் பிடிக்குதோன்னு நெனச்சேன். மத்த ஜனங்களுக்குப் புரியாதுல்ல?"

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருந்தாலும் தப்பில்லை. தாடிக்குப் பிடித்திருக்கிறது, மற்றவர்களுக்குப் புரியாது என்கிறார். இவனுக்குப் பிடித்திருக்கிறது, மற்றவர்களுக்குப் புரியாது என்கிறான். அந்த மைதானத்தில் அசையாமல் நின்ற ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டே நின்றிருப்பானோ என்னவோ.

"அப்ப நீ யாருடா? நீ ஜனம் இல்லையா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

"இறக்கின ஸ்பீக்கரைத் திரும்ப வண்டியில ஏத்து."

"எங்கக்கா?"

"மைதானத்துக்கு. சாயங்காலம் நடக்கறதுக்கு ஆளுங்க வருவாங்கள்ல?"

"இப்பவா? பேனர் இல்ல, மேடை இல்ல, ஒருத்தருக்கும் சொல்லல. யாருக்கா நின்னு கேப்பாங்க?"

"நிக்கறவங்க நிக்கட்டும், போறவங்க போகட்டும். அதை அவங்க பாத்துப்பாங்க. இந்தத் தடவை நான் அவங்களைப் பாத்து உக்காரப் போறேன், ஹெட்போனும் வேண்டாம். நீ வயரைச் சொருகிட்டு, மிக்ஸரை விட்டுத் தள்ளிப் போய் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. நான் எழுந்திரிக்கறவரைக்கும் எதையும் தொடாத."